கொடுத்த பிறகு பார்க்கும் கண்: கிட்டங்கியும் கடன்பற்று அட்டையும்

சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்த காலத்தில் ஒரே கூடத்துக்குள் பல வட்டிக்கடைகள் நடந்தன. கடை என்றால் தனி அறை கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் தரை, அதில் தாழ்வான மேசை, பக்கத்தில் பெட்டி, சுவரோரம் ஓர் அலமாரி. பகலில் கணக்கு எழுதுவதும் இரவில் பாய் விரிப்பதும் அதே இடத்தில்தான். ஊரிலிருந்து மூன்றாண்டுத் தவணைக்கு வந்த மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன், இவ்வளவுதான் நிர்வாகம். துறைமுகக் குமாஸ்தாவும் சீன மளிகைக்காரரும் அங்கே வந்து புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்கிப் போனார்கள்.

இன்று மார்சிலிங்கில் அரசு அடுக்குமாடி (வீவக) வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே சிங்பாஸ் என்ற அரசு இணைய அடையாளத்தில் நுழைந்து கடன்பற்று அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய சேம நிதிச் சந்தாவும் வருமான வரிக் கணக்கும் மைஇன்ஃபோ என்ற அரசுத் தரவுச் சேவை வழியாக வங்கிக்குப் போய்விடும். 55 வயதைத் தாண்டாதவர் ஆண்டுக்கு 30,000 வெள்ளி சம்பாதித்தால் போதும். ஆண்டு வருமானம் 120,000 வெள்ளிக்குக் கீழே இருந்தால், ஒரு வங்கி தரும் கடன் வரம்பு நான்கு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது.

கடன் கொடுக்குமுன் நடக்கும் விசாரணையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கொடுத்த பிறகு நடப்பதைத்தான் நான் இங்கே ஒப்பிட விரும்புகிறேன். கடனாளியின் வாழ்க்கை மாறுவது அதற்கப்புறம்தானே.

கிட்டங்கியில் அந்த வேலையைக் கால்கள் செய்தன. அடுத்தாள் வசூலுக்குக் கிளம்புவார். வாங்கியவரின் கடைக்குப் போய் நின்றால், தவணைப் பணம் கைக்கு வருவதற்கு முன்பே பாதிச் சேதி தெரிந்துவிடும்: சரக்கு அடுக்கு இறங்கியிருக்கிறதா, வாடிக்கையாளர் வருகிறார்களா, கல்லாவில் உட்கார்ந்திருப்பது முதலாளியா, அவருடைய மைத்துனரா. இந்தோனேசியாவின் மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்த ப. சிங்காரம் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் இந்த உலகத்தை உள்ளிருந்து எழுதியிருக்கிறார். பிறகு, எல்லாக் கடைகளும் ஒரே கூரையின் கீழ் இருந்ததை மறக்கக்கூடாது. ஒரு மேசையில் தவணை தவறியவர் பக்கத்து மேசையில் புதுக்கடன் கேட்டால், சேதி போய்ச்சேர அரை நாள்கூட ஆகாது.

அந்தக் கூரையின் வேலையைத்தான் இன்று கடன் தகவல் நிலையம் செய்கிறது. கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் 2002இல் தொடங்கியது. ஒருவருக்கு எத்தனை அட்டைகள், கடந்த 12 மாதங்களில் எந்தத் தவணை தாமதம், எந்த வங்கி எப்போது அவரைப் பற்றி விசாரித்தது என்பதெல்லாம் அங்கே பதிவாகும். 1000 முதல் 2000 வரை மதிப்பெண் உண்டு. ஆனால் அந்த அறிக்கையில் சம்பளம் இருக்காது. சம்பளம் வங்கியின் கோப்பில், நீங்கள் கடைசியாகக் கொடுத்த தாளின்படி அப்படியே நிற்கும்.

இந்த இடத்தில்தான் சிக்கல் வருகிறது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதிப்படி, எல்லா நிதி நிறுவனங்களிலும் சேர்த்து ஒருவர் வைத்திருக்கும், வட்டி ஏறும் பிணையில்லாக் கடன் 12 மாதச் சம்பளத்தைத் தொடர்ந்து மூன்று மாதம் தாண்டினால் எந்த வங்கியும் அவருக்கு மேற்கொண்டு கடன் தரக்கூடாது. இந்த வரம்பு ஒரேயடியாக வரவில்லை. 2015 ஜூனில் 24 மாதச் சம்பளம், 2017 ஜூனில் 18, 2019 ஜூனில் 12 என்று படிப்படியாக இறங்கியது. பாக்கி கெடு தேதியை 60 நாள் தாண்டினாலும் புதுக் கடன் கிடைக்காது. வரம்பைத் தாண்டியவருக்குப் புது அட்டை கிடைக்காது என்பது மட்டுமல்ல, கையில் இருக்கும் அட்டையிலும் புதுச் செலவு செய்ய முடியாது.

மார்சிலிங் டிரைவில் குடியிருக்கும் எங்கள் உறவுக்காரர் ஒருவருக்கு இது நடந்தது. அட்டை வாங்கியபோது மாதச் சம்பளம் 3,200 வெள்ளி. பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறி 4,000 ஆனது. இடையில் திருச்சியில் அப்பாவுக்கு இருதய அறுவைச் சிகிச்சை. இரண்டு அட்டை, ஒரு தனிநபர் கடன் என்று வட்டி ஏறும் பாக்கி 40,000 வெள்ளிக்கு வந்து நின்றது. பழைய சம்பளத்தின்படி வரம்பு 38,400. புதிய சம்பளத்தின்படி 48,000. வங்கிக் கோப்பில் இருந்தது பழையது. புளோக்கின் கீழ்த்தளக் கடிதப்பெட்டியில் ஆங்கிலத்தில் கடிதம் வந்திருக்கிறது. விளம்பரம் என்று நினைத்து அவர் பிரிக்கவில்லை. பேரங்காடியில் அரிசியும் பால்மாவும் பைக்குள் போன பிறகு அட்டை ஏற்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. கூடப் போயிருந்த அவருடைய அக்கா தன் கைப்பையிலிருந்த ரொக்கத்தை எண்ணிக் கொடுத்தார்.

வங்கி விதியை மீறவில்லை. 40,000 வெள்ளி கடனில் இருப்பவரை யாராவது நிறுத்தத்தான் வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. அதில் அட்டைப் பாக்கிக்கு ஆண்டுக்கு 25 விழுக்காட்டுக்கு மேல் வட்டி ஓடும். கிட்டங்கியில் இப்படி ஒரு வரம்பு இருந்ததே இல்லை. அடுத்தாளின் கண் முதலுக்கும் வட்டிக்கும் காவல். கடனாளிக்குக் காவல் அல்ல. பர்மாவைப் பார்த்தால் போதும். அங்கே நெல் விவசாயிகளுக்குச் செட்டியார்கள் கொடுத்தவையும் ஆளை நேரில் அறிந்து, நிலத்தை மிதித்துப் பார்த்துக் கொடுத்த கடன்கள்தான். 1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்ததும் விவசாயிகளால் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 விழுக்காடு ஆனது. செட்டியார்கள் விரும்பியது நிலமல்ல, பணம். விவசாயி இழந்ததோ நிலம். பக்கத்தில் நின்று பார்த்த கண்ணும் அதைத் தடுக்கவில்லை. அந்த வகையில் நாணய ஆணையத்தின் 12 மாத வரம்பு, கிட்டங்கி கனவிலும் நினைக்காத நல்ல காரியம்.

அமெரிக்காவில் இன்னொரு வழி உண்டு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் சில வாடிக்கையாளர்களின் அட்டைகளை நிறுத்திவைத்து, வரித்துறையிடமிருந்தே வருமானக் கணக்கைப் பெறுவதற்கு ஒப்புதல் கேட்கும். கொடுத்தால் அட்டை திரும்பக் கிடைக்கலாம். கடுமைதான். ஆனாலும் அங்கே ஒரு கேள்வி கேட்கப்படுகிறது: இப்போது உன் வருமானம் என்ன?

அந்தக் கேள்வியைத்தான் அடுத்தாள் வாசலில் நின்று கேட்டார். என்ன ஆச்சு, ஏன் இந்த மாதம் குறைகிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு முகம் எதிரே இருந்தது. தவணையைத் தள்ளிவைப்பதா, நெருக்குவதா என்பதை அந்தப் பதில் தீர்மானித்தது. உறவுக்காரரிடம் யாரும் கேட்கவில்லை. அவரே மத்திய சேம நிதிக் கணக்கறிக்கையை அனுப்பிய பிறகு, புதிய சம்பளம் கோப்பில் ஏறி அட்டை மறுபடி வேலை செய்தது. அந்த மாதமே அதில் மேலும் 900 வெள்ளி ஏறியது.

சரியான தாளைக் கொடுத்ததால் கிடைத்தது இன்னும் கடன் வாங்கும் உரிமை. 2017 ஜனவரியில் வங்கிகள் தொடங்கிய கடன் ஒருங்கிணைப்புத் திட்டத்தில் சேர்ந்தால் வட்டி வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால் அதற்குப் பாக்கி 12 மாதச் சம்பளத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அவருடையது 10 மாதம். கடைசியில் வழி காட்டியது, 2004 முதல் இயங்கும் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம். அங்கே ஓர் ஆலோசகர் எதிரே உட்கார்ந்து, அப்பாவின் சிகிச்சைச் செலவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கேட்டார்.

வங்கிகளிடம் தகவல் இருக்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் ஒருவர் மூன்று நான்கு மாதம் கட்டிவந்தால் அது அவர்கள் திரையில் தெரியும். அந்தக் கட்டத்திலேயே தமிழிலோ மலாயிலோ சீனத்திலோ ஒரு தொலைபேசி அழைப்பு, ‘உங்கள் வருமானம் மாறியிருக்கிறதா, கட்டுவதில் சிரமமா’ என்ற இரண்டு கேள்விகள். வரம்பை எட்டுவதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும் என்று நாணய ஆணையம் விதி போடலாம்.