பூங்காவாக இருந்த சாலை

மலருக்கு ஏதாவது எழுதியே தீரணும் என்று செயலாளர் விடாமல் போன் போட்டுவிட்டார். கதை, கவிதை நமக்கு வராது. சிவில் படித்தவனுக்குத் தெரிந்தது ரோடுதான். ஆகவே ஒரு ரோட்டின் சரித்திரம்.

அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் கார் ஒரு பெரிய பள்ளத்துக்குள் இறங்கி ஓடிற்று. இருபுறமும் காங்கிரீட் சுவர். கென்சிங்டன் எக்ஸ்பிரஸ்வே என்றார் மாப்பிள்ளை. "பிரமாதமான வேலை!" என்று மெச்சினேன். அங்கே முன்பு என்ன இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வகுத்த ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் 1868-ல் பஃபலோவுக்கு வந்தார். அவரும் கூட்டாளி கால்வர்ட் வாக்ஸும் ஒரு பூங்காவோடு நிற்கவில்லை. பல பூங்காக்களை அமைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையையும் பூங்காவாகவே ஆக்கினார்கள். அப்படி வந்ததுதான் ஹம்போல்ட் பார்க்வே. 200 அடி அகலம். புல்வெளி, வரிசை வரிசையாக மரங்கள், வண்டிப் பாதை. அதை ஒட்டி, பழைய குதிரைப் பந்தயத் திடல் இருந்த இடத்தில் ஹாம்லின் பார்க் குடியிருப்பு எழுந்தது. முதலில் ஜெர்மானிய வம்சாவளியினர் அதிகம். பின்னால் கறுப்பின நடுத்தரக் குடும்பங்கள் வீடு வாங்கிக் குடிவந்தன.

புறநகர்க்காரர்கள் சீக்கிரம் ஆபீஸ் போகவேண்டுமே! 1960-களில் மரங்களை வெட்டி, புல்வெளியைத் தோண்டி எக்ஸ்பிரஸ்வேயை இறக்கினார்கள். வாசலில் நிழல் இருந்த இடத்தில் புகையும் இரைச்சலும்தான். நான் மட்டும் யோக்கியனா? 'மரம் அகற்றல், இத்தனை எண்ணம்' என்று எஸ்டிமேட்டில் எத்தனையோ புளியமரங்களுக்கு ஒரே வரி எழுதியவன்தானே.

2013-ல் ஹாம்லின் பார்க் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் ஏறியது. வீடுகளுக்கு மரியாதை கிடைத்தது, பூங்காதான் இல்லை. பள்ளத்தின் ஒரு பகுதிக்குக் கூரை போட்டு மேலே மரம் வைக்க சுமார் 100 கோடி டாலர் திட்டம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. "மூடினால் மட்டும் புகை எங்கே போகும்? பள்ளத்தையே தூர்த்துவிடுங்கள்" என்று அங்குள்ளவர்களிலேயே ஒரு சாரார் கோர்ட்டுக்குப் போனார்கள். முழுமையான சுற்றுச்சூழல் ஆய்வு செய்த பிறகே வேலை என்று 2025-ல் தீர்ப்பாயிற்று.

ஊர் திரும்புமுன் ஒரு காலையில் பள்ளத்தின் ஓரமாக நடந்து பார்த்தேன். பேசிக்கொண்டு வந்த மாப்பிள்ளையின் குரல் பாதி கேட்கவில்லை.