பஞ்சத்துக்குக் கணக்குக் கேட்ட பத்திரிகைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளில் சென்னை மாகாணத்துப் பத்திரிகைகள் ஆற்றிய பணிகளுள் தலையாயது, மக்களின் வறுமையை மழையின் பிழையாகவும் தலையெழுத்தாகவும் எண்ணிப் பழகிய சமூகத்தை, அதை அரசாங்கத்தின் வரவு செலவோடும் வரிக்கொள்கையோடும் பொருத்திப் பார்க்கப் பழக்கியதாகும். இதற்கு வேண்டிய சான்றுகளைப் பெரும்பாலும் அரசாங்கமே அச்சிட்டுக் கொடுத்தது. ஆண்டுதோறும் கிராமக் கணக்குகளைச் சரிபார்த்து நிலவரியை முடிவுசெய்யும் ஜமாபந்தியைப் பற்றிய அறிக்கைகள், துறைமுகச் சுங்க அட்டவணைகள், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பார்வைக்கு வைக்கப்பட்டு அட்டையின் நிறத்தால் நீலப் புத்தகங்கள் என்று பெயர்பெற்ற தொகுதிகள் ஆகியவற்றை வரிவரியாகப் படித்து, அவற்றிலிருந்தே ஆட்சிக்கு எதிரான வாதங்களை எடுத்த ஆசிரியர்கள்தாம் இந்நாட்டின் பொருளாதார இதழியலுக்கு அடித்தளமிட்டவர்கள்.

ஆண்டு வரவு செலவுத் திட்டம் என்னும் முறையை இந்தியாவில் புகுத்தியவரே ஒரு பத்திரிகை ஆசிரியர் என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வில்சன், அயல்நாட்டுத் தானியத்தின்மீது இங்கிலாந்து விதித்திருந்த இறக்குமதித் தீர்வையை ஒழிக்கவேண்டும் என்ற இயக்கத்துக்குத் துணையாக 1843இல் லண்டனில் ‘எக்கனாமிஸ்ட்’ வார இதழைத் தொடங்கினார். தீர்வை 1846இல் நீக்கப்பட்டது. 1857 கிளர்ச்சியால் கடனில் மூழ்கிய இந்திய அரசின் நிதியைச் சீர்செய்ய 1859இல் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்ட அவர், 1860இல் முதல் வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்து, வருமான வரியையும் விதித்து, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே அந்நகரில் இறந்தார். அரசு சந்தையில் தலையிடலாகாது, வணிகம் தன் போக்கில் நடந்தால் எல்லோருக்கும் நன்மை விளையும் என்ற அவருடைய இதழின் கொள்கை மட்டும் இந்தியாவை ஆண்டவர்களின் மனத்தில் ஆழ வேரூன்றி நின்றது.

அக்கொள்கைக்குச் சென்னை மாகாணம் கொடுத்த விலை மிகப் பெரிது. வில்சனிடம் உதவியாளராக இருந்த ரிச்சர்ட் டெம்பிள், 1873–74இல் பீகாரில் வறட்சி கண்டபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாக வழங்கி, பட்டினிச் சாவு ஏறக்குறைய இல்லை என்னும்படி செய்தார். இத்தகைய செலவு, தங்களை உயிரோடு காப்பது அரசின் கடமை என்று மக்களை எண்ணவைத்துவிடும் என ‘எக்கனாமிஸ்ட்’ அவரைக் கண்டித்தது. கல்கத்தாவிலும் லண்டனிலும் அவர் ஊதாரி என்ற பெயரெடுத்தார். மூன்றாண்டுகள் கழித்து, தாது வருஷப் பஞ்சம் என்று தமிழ் மக்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கும் 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, வைஸ்ராய் லிட்டனின் பிரதிநிதியாகச் சென்னைக்கு வந்த அதே டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமந்து கல் உடைக்கும் உடலுக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். மாகாண அரசு முன்னெச்சரிக்கையாக வாங்கிய 30,000 டன் தானியத்தையும் வணிகத்தில் தலையிட்ட குற்றமாகவே மேலிடம் கருதியது. துறைமுகங்களிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இச்சாவுகளுக்கு ஓர் இதழின் கண்டனம் மட்டுமே காரணம் என்று கூறுவது நியாயமன்று. ஆயினும், எழுத்தாளர்கள் வளர்த்த கருத்துச் சூழல், பீகாரில் உயிர் காத்த ஓர் அதிகாரியைச் சென்னையில் படியளவைக் குறைக்கத் தூண்டிற்று என்பதை மறுப்பதற்கில்லை.

அப்பஞ்சத்தைப் பற்றி உலகுக்கு எடுத்துரைத்தவரும் ஒரு பத்திரிகை ஆசிரியரே. வில்லியம் டிக்பி, இலங்கையில் ‘சிலோன் அப்சர்வர்’ இதழின் துணையாசிரியராக இருந்தபோது, அத்தீவின் உணவுப்பொருள் வரிகளை எதிர்த்து எழுதிப் பெயர்பெற்றவர். தடையற்ற வணிகத்தில் நம்பிக்கை கொண்டவர். 1877இல் ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியராகப் பொறுப்பேற்ற அவர், கொள்கையைவிடக் கண்முன் கிடந்த பிணங்களைப் பெரிதாக மதித்தார். நிவாரணத்தை விரிவாக்கக் கோரி இடைவிடாமல் எழுதினார்; அவருடைய முயற்சியால் லண்டன் மேயரின் மாளிகையில் தொடங்கப்பட்ட நிதிக்கு 8,20,000 பவுன் திரண்டது. பஞ்ச நிவாரணத்தின் வரலாற்றை 1878இல் இரண்டு தொகுதிகளாக எழுதிய அவர், 1901இல் இந்தியாவின் வறுமையை அரசின் புள்ளிவிவரங்களைக் கொண்டே நிறுவும் மற்றொரு பெருநூலை வெளியிட்டார். பஞ்சம் முடிந்ததும் அதை மறந்துவிடாமல், காரணத்தைத் தேடி இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்குகளைத் தொடர்ந்தது அவருடைய சிறப்பாகும்.

பஞ்சம் தணியாத 1878ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று ‘தி இந்து’ வார இதழாக வெளிவந்தது. உயர்நீதிமன்ற நீதிபதியாக முத்துசாமி ஐயர் நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இகழ்ந்தமைக்கு மறுமொழி கூறவே ஆறு இளைஞர்கள் அதைத் தொடங்கினர். முதல் இதழில் அச்சானவை 80 படிகள். ஆனால் அவர்களில் முதல்வரான திருவையாற்று ஜி. சுப்பிரமணிய ஐயரின் கவனம் மெல்ல மெல்ல நிலவரி, உப்புவரி, இரயில்வேச் செலவு, கைத்தொழில்களின் அழிவு ஆகியவற்றின்பால் திரும்பியது. அன்றைய ஆட்சியமைப்பே இத்திருப்பத்துக்கு ஒரு காரணம். 1861 சட்டப்படி அமைந்த சட்டமன்றங்களில், புதிய வரி எதுவும் விதிக்கப்படாத ஆண்டில் வரவு செலவைப் பற்றி உறுப்பினர் வாய் திறக்க வழியில்லை. விவாதிக்கும் உரிமை 1892 சட்டத்தால்தான் கிடைத்தது, அப்போதும் வாக்களிக்கும் உரிமை கிடைக்கவில்லை. ஆகவே, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, வரி செலுத்துவோர் சார்பில் வரவு செலவுத் திட்டத்தை ஆராய்ந்த மன்றம் என்று எதையேனும் கூறவேண்டுமாயின், அது பத்திரிகைகளின் தலையங்கப் பகுதியே.

இத்தலையங்கங்களுக்கு அடிப்படையான கருத்தைத் தந்தவர் தாதாபாய் நௌரோஜி. 1867 மே மாதம் லண்டனில் கிழக்கிந்தியச் சங்கத்தில் படித்த கட்டுரையில் தொடங்கி, 1901இல் வெளியான பெருநூல்வரை, இந்தியாவின் வருவாயில் ஒரு பகுதி ஈடு ஏதுமின்றி ஆண்டுதோறும் இங்கிலாந்துக்குச் செல்கிறது என்று அவர் நிறுவிவந்தார். செல்வச் சுரண்டல் கோட்பாடு என்று இது வழங்குகிறது. இக்கணக்கின் மையத்தில் இருந்தவை தாயகக் கட்டணங்கள், அதாவது இந்திய வரிப்பணத்திலிருந்து இங்கிலாந்தில் கட்டவேண்டியிருந்த கடன் வட்டி, இரயில்வே முதலீட்டுக்கு உறுதியளித்த வட்டி, ஓய்வூதியங்கள், இந்திய அமைச்சர் அலுவலகச் செலவு முதலியன. இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானம் 20 ரூபாய் என்று அவர் உற்பத்திக் கணக்குகளிலிருந்து மதிப்பிட்டபோது, அரசு அதற்கு மறுமொழி தேட நேர்ந்தது. 1882இல் அரசின் நிதிப்பொறுப்பிலிருந்த பேரிங்கும் பார்பரும் 27 ரூபாய் என்று கணக்கிட்டனர். 1901இல் வைஸ்ராய் கர்சன் 30 ரூபாய் என்று அறிவித்து, வளம் பெருகுவதற்கு அதைச் சான்றாகக் காட்டினார். இன்றைய அளவுகோலால் பார்த்தால் இம்மதிப்பீடுகள் யாவும் கரடுமுரடானவை. வணிகம், போக்குவரத்து போன்ற பணிகளின் மதிப்பை நௌரோஜி சேர்க்கவில்லை என்ற குறையும் உண்டு. ஆயினும், நாட்டின் வாழ்வை எண்ணால் அளந்து அதற்கு ஆட்சியாளரைப் பொறுப்பாக்கலாம் என்ற வழக்கு அங்கிருந்துதான் பிறந்தது. எந்தத் தொகை சரியானது என்ற கேள்வியைவிட இது முக்கியமானது.

நிலவரி விவாதத்தில் பத்திரிகை எழுத்தின் வலிமை இன்னும் தெளிவாகப் புலப்பட்டது. சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நடப்பிலிருந்த ரயத்துவாரி முறையில், இடையில் ஜமீன்தார் இல்லாமல் ஒவ்வொரு பட்டாதாரரும் அரசுக்கு நேரே கிஸ்தி கட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிலத்தை மறுதரம் பிரித்து வரியை உயர்த்தும் அதிகாரம் அரசிடம் இருந்தது. பஞ்சங்கள் அடுத்தடுத்து வந்த நூற்றாண்டு இறுதியில், குடிமைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ரமேஷ் சந்திர தத், மழை பொய்ப்பதால் விளைச்சல் குறையலாம், ஆனால் உழவனிடம் சேமிப்பு இல்லாமற் போனதற்கு மிகை வரியே காரணம் என்று வாதித்து, கர்சனுக்கு விடுத்த பகிரங்கக் கடிதங்களை 1900இல் நூலாக வெளியிட்டார். பத்திரிகைகள் இவ்வாதத்தை எடுத்து மாகாணந்தோறும் பரப்பின. கர்சன் இதைப் புறக்கணிக்கவில்லை. மாகாண அரசுகளிடம் விளக்கம் பெற்று, 1902 ஜனவரியில் நிலவரிக் கொள்கை பற்றிய நீண்ட தீர்மானமொன்றை வெளியிட்டார். பஞ்சத்துக்கு வரி காரணமன்று என்று அத்தீர்மானம் சாதித்தபோதிலும், விளைச்சல் கெடும் ஆண்டுகளில் வசூலைத் தளர்த்துவதும், உயர்த்திய வரியைப் படிப்படியாக விதிப்பதும் தேவை என்று ஒப்புக்கொண்டது. வாக்குரிமை இல்லாத மக்களின் எழுத்துக்கு ஒரு பேரரசு உட்கார்ந்து மறுப்பு எழுதியது சிறிய செய்தியன்று.

இவ்விவாதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட எழுத்தறிவு இல்லாத மாகாணத்தில், ஆங்கிலத் தலையங்கம் எத்தனை பேரை எட்டும் என்பதைச் சுப்பிரமணிய ஐயர் முன்னரே உணர்ந்திருந்தார். 1882இல் அவர் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’, அவர் ‘தி இந்து’விலிருந்து விலகியதற்கு அடுத்த ஆண்டான 1899இல் நாளிதழாகித் தமிழின் முதல் நாளேடு என்ற இடத்தைப் பெற்றது. இடைப்பட்ட 1897இல், இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் லண்டனில் அவர் சாட்சியமளித்தார்; 1903இல் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதாரக் கூறுகளைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். தொழிலாளர் சங்கமாகச் சேர்ந்து உரிமை கேட்கவேண்டும் என்று தேசியவாதிகள் பலரும் சொல்லத் தயங்கிய காலத்தில் சொன்னவர் அவர். ஆணையத்தின் முன் எடுத்துரைத்த வாதங்களையே தஞ்சை மிராசுதாருக்கும் மதுரை வியாபாரிக்கும் புரியும் தமிழில் நாள்தோறும் எழுதியது எளிய வேலையன்று. 1904இல் அங்கே உதவியாசிரியராகச் சேர்ந்த சுப்பிரமணிய பாரதிக்கும் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும் அப்பணியே பயிற்சிக்களமாயிற்று. நாளேட்டை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது அக்காலத்து வழக்கமாதலால், அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு அதன் வீச்சை அளக்க இயலாது.

1905க்குப் பின் எழுந்த சுதேசி இயக்கம் இவ்வெழுத்தின் விளைச்சலை அறுவடை செய்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை நிறுவி, 10 லட்சம் ரூபாய் மூலதனத்துக்குப் பங்கு ஒன்று 25 ரூபாயென விற்க முற்பட்டபோது, கொழும்புக் கப்பல் போக்குவரத்தின் இலாபம் யாருக்குப் போகிறது என்பதைத் தமிழ் வாசகருக்கு அடியிலிருந்து விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அத்தடத்தில் கப்பல் ஓட்டிவந்த ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தை அடியோடு குறைத்துப் போட்டியிட்டது. 1908இல் சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். அவ்வாண்டே சுப்பிரமணிய ஐயரும் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானார். 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

இப்பத்திரிகைகளின் பார்வைக்கு எல்லையும் இருந்தது. அரசின் கணக்கைத் துருவிய அளவுக்கு ஊருக்குள் நிலவிய கணக்கை அவை துருவவில்லை. ரயத் என்று அவை பரிவோடு குறிப்பிட்டவர் பெரும்பாலும் பட்டா உடையவரே. அவருடைய வயலில் உழைத்த பண்ணையாளின் கூலியும் கடனும் தலையங்கங்களில் அரிதாகவே இடம்பெற்றன. அயோத்திதாசர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து காலணாவாகிய ஒரு பைசாவுக்கு வெளியிட்ட ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் இக்குறையை நேருக்கு நேர் சுட்டியது. சாதியால் ஒதுக்கப்பட்டோருக்குக் குளத்து நீரையும் குடியிருக்கும் மனையையும் மறுத்துக்கொண்டே சுதேசியம் பேசுவோரை அது வாரந்தோறும் வினவியது. பொருளாதார விவாதத்தின் வரலாற்றில் அவ்விதழைச் சமூகச் சீர்திருத்தப் பகுதிக்கு ஒதுக்கிவிட்டு மேலே செல்வது பிழை. யாருடைய வறுமை கணக்கில் சேர்கிறது என்ற கேள்வி முழுக்க முழுக்கப் பொருளாதாரக் கேள்வியேயாகும்.

தனியார் நிதிநிலையங்களும் ஆய்வுக்கு அகப்படாமல் இருந்தன. கணக்கை வெளியிடக் கடமைப்படாத கூட்டாளி நிறுவனமான அர்பத்நாட் 1906 அக்டோபரில் நொடித்தபோது, மாகாணமெங்கும் சேமிப்பாளர்கள் பணத்தை இழந்தனர். அதன் பின்னரே வங்கிகளைப் பற்றிய விவாதம் சூடுபிடித்தது, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது.

நீண்டகால விளைவை உப்புவரியின் வரலாறு நன்கு காட்டுகிறது. உற்பத்திச் செலவைப்போலப் பல மடங்கான இவ்வரி 1888இல் மணங்குக்கு இரண்டு ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டபோது, ஏழையின் உலைமீது விழும் வரி என்று பத்திரிகைகள் அதை எதிர்த்தன. வைஸ்ராயின் சட்டமன்றத்தில் கோபால கிருஷ்ண கோகலே ஆண்டுதோறும் அதே வாதத்தைப் புள்ளிவிவரத்தோடு எடுத்துரைத்தார். வரி 1903இல் இரண்டு ரூபாயாகவும், 1905இல் ஒன்றரையாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் இறங்கியது. கருவூலத்தில் உபரி இருந்ததும் இதற்குத் துணைசெய்தது என்றாலும், அவ்வுபரியை எதற்குச் செலவிடுவது என்ற முடிவில் நாற்பதாண்டு எழுத்துக்குப் பங்குண்டு. 1923இல் வைஸ்ராய் ரீடிங் சட்டமன்றத்தின் மறுப்பை மீறித் தம் தனியதிகாரத்தால் வரியை மீண்டும் இரண்டரை ரூபாயாக்கியபோது எழுந்த எதிர்ப்பு, அடுத்த ஆண்டே அதைப் பாதியாகக் குறைக்கச் செய்தது. 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த தொண்டர்களுக்குச் சோறிட்ட தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தார், ஒரு மணங்கு உப்புக்கு எவ்வளவு வரி என்பதையும் அது எங்கே போகிறது என்பதையும் பற்றி இரண்டு தலைமுறைகளாகப் பேசக் கேட்டிருந்தவர்கள்.