இருபது வோல்ட்டும் மதுரைப் பாதங்களும்: நரம்புப் பாதிப்பின் இடர்க்காரணிகள் குறித்து ஒரு மறுவாசிப்பு

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் கால் நரம்புப் பாதிப்புக்கு வயது, நோயின் ஆண்டுக்கணக்கு, எச்பிஏ1சி ஆகிய மூன்றையே இடர்க்காரணிகளாகச் சொல்லி முடிப்பது நம் ஆய்வுகளில் வழக்கமாகிவிட்டது. இதற்குச் சான்றாக நிறுத்தப்படுவது சென்னையில் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரை. அதன் எண்களோடு எனக்குப் பிணக்கில்லை. அவற்றை மதுரைச் சமவெளிக்கும் அப்படியே பொருத்திப் படிப்பதோடுதான் பிணக்கு.

அக்கட்டுரையில் பாதிப்புள்ளோர் 26.1 விழுக்காடு. ஏற்கெனவே நோயறிந்தவர்களில் 27.8, ஆய்வின்போதே நோய் தெரியவந்தவர்களில் 19.5. நோய் தெரிந்த அன்றே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நரம்பு கெட்டிருக்குமா? தெரியாமலே கழிந்த ஆண்டுகள்தாம் காரணம் என்பது நிலைபெற்ற விளக்கம். ஓரளவு சரிதான். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கண் மங்கலென்று பரிசோதனைக்குப் போய், சர்க்கரை இருப்பதை அறிந்து திரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் 19.5 முழுவதையும் அந்த ஆண்டுகளின் தலையில் கட்டுமுன் அளந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

பெருவிரலின் அடிச்சதையில் பயோதீசியோமீட்டரின் முனையை வைத்து அதிர்வைக் கூட்டிக்கொண்டே போவார்கள். “இப்பத் தெரியுது” என்று நோயாளி சொல்லும்போது மீட்டர் காட்டும் வோல்ட்டே கணக்கு. 20ஐத் தொட்டால் பாதிப்பு. இந்த 20 எல்லா வயதுக்கும் ஒன்றே. அதிர்வுணர்வோ, சர்க்கரையே இல்லாதவருக்கும் வயதேற மங்கும். ஆகவே பட்டியலில் வயது வந்து நிற்பதில் ஒரு பகுதி அளவுகோலே தந்தது. அடுத்தது தோல். வெறுங்காலோடு வரப்பில் நடந்து பழகிய பாதத்தில் காய்ப்பு ஏறியிருக்கும். அதிர்வு அதைக் கடந்துதான் நரம்பை எட்ட வேண்டும். வெறுங்கால் நடை புண்ணுக்குத்தான் காரணம், நரம்புக்கல்ல என்பார்கள். நான் பேசுவது அளவீட்டைப் பற்றி. கருவி உலகெங்கும் புழங்குகிறதே என்பது மறுப்பே ஆகாது.

ஆண்டுக்கணக்கு இதைவிடச் சிக்கலானது. வயதைச் சரிசெய்த பிறகும் அது நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரையோடு கழிந்த ஆண்டுகள் பெரும்பாலும் மெட்ஃபார்மினோடு கழிந்த ஆண்டுகளும்கூட. நெடுநாள் மெட்ஃபார்மின் உடலின் பி12 அளவைக் குறைக்கக்கூடும். பி12 குறைந்தால் அடிபடுவனவற்றில் அதிர்வுணர்வு முக்கியமானது. கருவி அளப்பதும் அதையே. நோய் அப்போதுதான் தெரிந்தவர்களோ அதற்கான மாத்திரையைத் தொடங்கியிராதவர்கள். இரு பிரிவுக்கும் இடையிலான 8.3 புள்ளியில் சர்க்கரையின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று அந்த மூன்று காரணிகளை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. மாத்திரையின் பங்கு சிறிதாகவே இருக்கலாம். இல்லவே இல்லை என்று சொல்ல எவருக்கும் ஆதாரமில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் முதல் வகை நோயில் நரம்புப் பாதிப்பு வெகுவாகக் குறைவதை 1993இல் வெளியான டிசிசிடி ஆய்வு காட்டியது. இரண்டாம் வகையில் அந்த அளவுக்குப் பலன் கிட்டவில்லை. சர்க்கரை மட்டுமே வினையென்றால் இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் தேட வேண்டியிராது.

மெட்ஃபார்மினை நிறுத்தச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வயதை மாற்ற முடியாது. பி12 குறைவை மலிவான மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுகட்டலாம். எனவே மதுரையில் இனி எடுக்கும் கணக்கில் அதே வயதுள்ள, சர்க்கரை இல்லாதவர்களும் இடம்பெற வேண்டும். காய்ப்பேறாத கணுக்கால் எலும்பிலும் அதிர்வை அளக்க வேண்டும். மெட்ஃபார்மின் ஆண்டுகளுக்கும் பி12 அளவுக்கும் அட்டவணையில் தனித்தனிப் பத்தி வேண்டும்.