மூன்று கலிலியோக்கள்

ஒத்திகைக்குப் பத்து நாள் இருக்கையில் என் நாடகப் பிரதியைத் திருப்பித் தந்த நண்பர், 'மூன்றாம் காட்சி இழுக்கிறது' என்றார். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு என்ன திருத்துவது? அந்த எரிச்சலில்தான் ப்ரெக்டின் கலிலியோ நாடகம் திருத்தப்பட்ட வரலாற்றுக்குத் திரும்பிப் போனேன்.

முதல் பிரதி 1938 நவம்பரில், டென்மார்க்கில், மூன்றே வாரங்களில் முடிந்தது. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவருக்கு அவகாசம் எவ்வளவு என்பதை ஹிட்லர்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தான். இதில் கலிலியோ தந்திரசாலி. மதவிசாரணைக்குப் பணிந்துவிட்டு, ரகசியமாகத் தன் நூலை எழுதி மாணவன் கையில் எல்லை தாண்ட அனுப்பிவிடுகிறார். உண்மையைக் கடத்தத் தந்திரம் வேண்டும் என்று ப்ரெக்ட் நம்பிய காலம்.

இரண்டாவது பிரதிக்கு ஒரு வருஷம் பிடித்தது. 1944 கடைசியில் கலிஃபோர்னியாவில் நடிகர் சார்ல்ஸ் லாட்டனோடு உட்கார்ந்தார். லாட்டனுக்கு ஜெர்மன் தெரியாது. ப்ரெக்டின் ஆங்கிலமோ அரைகுறை. எனவே ப்ரெக்ட் ஒரு வரியை நடித்துக் காட்டுவார். லாட்டன் அதையே ஆங்கிலத்தில் பல விதமாக நடிப்பார். சரி என்று பட்டதைக் கையால் எழுதிக்கொள்வார். நடிகனின் மூச்சுக்கு அடங்காத வாக்கியம் அங்கேயே விழுந்துவிடும். பிரதி சுருங்கியது, கொள்ளைநோய்க் காட்சி முழுதாகவே போயிற்று. விமர்சனம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அபிப்பிராயம். லாட்டன் அபிப்பிராயம் சொல்லவில்லை, பேசிப் பார்த்தார். (என் நண்பரையும் மூன்றாம் காட்சியை உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் படிக்கவில்லை.)

வேலை நடுவில் 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமா. புதிய பௌதிகத்தைத் தொடங்கியவனின் கதை ஒரே இரவில் வேறாகிவிட்டது. ஆச்சரியம், நாடகத்தின் அமைப்பில் ஒரு மாற்றமும் செய்ய வேண்டியிருக்கவில்லை என்கிறார் ப்ரெக்ட். சில இடங்கள் மட்டும். முதல் பிரதியில் சாமர்த்தியமாக இருந்த பணிவு இப்போது குற்றம். கலிலியோ தன் வாயாலேயே தன்னைக் குற்றவாளியாக்குகிறார். ஏழு வருஷத்துக்கு முன்பு எழுதியதை மறுத்து எழுத எவ்வளவு குறைந்த வரிகள் போதுமாயிருந்திருக்கின்றன!

1947 ஜூலை 30இல் லாஸ் ஏஞ்சலஸில் மேடையேறியது. அக்டோபர் 30இல் வாஷிங்டனில் கம்யூனிஸ்ட் விசாரணை. மறுநாளே ப்ரெக்ட் ஐரோப்பாவுக்குக் கிளம்பிவிட்டார். டிசம்பரில் நியூயார்க்கில் நாடகம் நடந்தபோது அவர் அங்கில்லை.

மூன்றாவது ஜெர்மன் பிரதியில் கொள்ளைநோய்க் காட்சி திரும்பி வந்தது. கலிலியோ மேல் கடுமை குறையவில்லை. ஆனாலும் அந்தப் பெருந்தீனிக்காரக் கிழவனை என்னால் வெறுக்க முடியவில்லை. 1938இன் கலிலியோவைத் திருத்தங்களால் முழுக்க அழிக்க முடியவில்லை என்றே நினைக்கிறேன். பெர்லினில் எர்ன்ஸ்ட் புஷ்ஷை வைத்து ஒத்திகை நடத்திக்கொண்டிருந்த ப்ரெக்ட், அது முடியுமுன் 1956 ஆகஸ்ட் 14இல் இறந்துபோனார். எரிக் எங்கெல் மீதியைப் பார்த்துக்கொண்டு 1957 ஜனவரியில் மேடையேற்றினார்.