யார் யாரிடம் போவது

நிர்வாகத்தை நம் இலக்கியக்காரர்கள் சரித்திரத்தில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன். கனடாவில் 1890-ல் தொடங்கிய காம்லூப்ஸ் உறைவிடப் பள்ளி பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோயிற்று. தாய்மொழி பேசினால் தண்டித்தது. எங்கள் பிள்ளைகளின் கல்வி எங்கள் பொறுப்பில் என்று 1972-ல் பூர்வகுடிகளின் தேசிய அமைப்பு கோரியது. அதற்கு அவர்களிலிருந்தே ஆசிரியர்கள் வேண்டும். 1974-ல் அவர்களுக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கிய பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம், மாணவர்களை உடனே வான்கூவருக்கு அழைக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, காம்லூப்ஸ் போன்ற ஊர்களிலேயே மையங்கள் திறந்தது.

கணக்கெழுதுகிறவனுக்கு இது வெறும் கிளை திறப்பு. ஆனால் படிப்பதென்றால் வீட்டைப் பிரிவது என்கிற எண்பதாண்டு விதி இந்த ஏற்பாட்டில்தான் உடைந்தது. பாதிதான் உடைந்தது: கடைசி ஆண்டுகளும் பட்டமும் வான்கூவரில். யார் யாரிடம் போவது என்பதே முதல் பாடம் என்று எனக்குப் படுகிறது. பாடத்திட்டம் அதற்குப் பிறகுதான்.