புரவலரும் பயனரும்: ஒரு சிறு வரலாறு

மகர்பட்டாவில் கட்டட வடிவமைப்பு மென்பொருளில் பணிபுரியும் நண்பர்கள் சிலர் மாதமொருமுறை கூடுகின்றனர். அண்மையில் ஒரு விற்பனை நிறுவனம் அரங்க வாடகையையும் தேநீர்ச் செலவையும் ஏற்க முன்வந்தது. கைம்மாறாக உறுப்பினர்களின் கைப்பேசி எண்களைக் கேட்டது. கட்டற்ற மென்பொருள்கள் பற்றிய உரையை நிரலிலிருந்து நீக்கவும் கேட்டது. ஏற்கலாமா என நண்பர் என்னிடம் வினவினார். மொழியியல் படித்தவனிடம் கேட்கத்தக்க வினாவன்று.

ஆயினும் சொல்லிலிருந்து தொடங்கலாம். 'ஸ்பான்சர்' என்பது இலத்தீனில் வாக்களித்துப் பிணைநிற்பவரைக் குறித்தது. நமது 'புரவலர்' காப்பவர். புலவர்க்குப் பரிசில் நல்கியவர். பிணைநிற்பவர் தாமே கடமைப்படுகிறார். காப்பவரிடத்திலோ காக்கப்படுபவர் கடமைப்படுகிறார். இவ்விரு உறவுகளும் கணினிப் பயனர் சங்கங்களின் வரலாற்றில் தொடக்கம் முதலே உள்ளன.

1955இல் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஐ.பி.எம். கணினிகளை வைத்திருந்த நிறுவனங்கள் 'ஷேர்' என்னும் சங்கத்தை அமைத்தன. விமானம் கட்டும் நிறுவனங்கள் அதில் முன்னின்றன. ஒரே நிரலை ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி அலுத்துப்போனதே காரணம். பெருவாடிக்கையாளர்கள் கூடிப் பேசியதால் ஐ.பி.எம். செவிசாய்க்க வேண்டியிருந்தது. 1961இல் தோன்றிய 'டெக்கஸ்' வேறு வகை: தன்னார்வலர் நடத்தினர், ஆனால் சட்டப்படி அது டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஓர் அங்கம், மானியமும் நிறுவனத்தினுடையதே. இதை இழிவாகக் கருதுவதற்கில்லை. அதன் நிரல் நூலகத்தால் பயன்பெற்றோர் பலர். எனினும் 1998இல் காம்பாக் அந்நிறுவனத்தை வாங்கிய பின், அமெரிக்கக் கிளை 'என்கம்பஸ்' என்ற பெயரில் தனித்து நிற்க நேர்ந்தது.

கட்டட வடிவமைப்புக்கு வருவோம். ஆட்டோகேட் 1982இல் வெளிவந்தது. அதன் வட அமெரிக்கப் பயனர் சங்கம் 1990இல் உருவாகிப் பின்னர் 'ஆகி' என உலகளாவியதாயிற்று. ரெவிட் மென்பொருளை ஆட்டோடெஸ்க் 2002இல் 13.3 கோடி டாலருக்கு வாங்கியது. உரிமக் கட்டணம் உயர்கிறது, வளர்ச்சி மந்தம் என்ற முறையீடு 2020 ஜூலையில் வெளிப்படையான கடிதமாக வந்தபோது, அதில் கையொப்பமிட்டவை சாஹா ஹதீத், கிரிம்ஷா உள்ளிட்ட கட்டடக்கலை நிறுவனங்கள்; உரிமக் கட்டணம் செலுத்துபவை. தலைமைச் செயல் அலுவலர் ஆண்ட்ரூ அனக்னோஸ்ட் பொதுவெளியிலேயே மறுமொழி தந்தார்.

மகர்பட்டா நகரத்துக்கும் இதை ஒத்த ஒரு கதை உண்டு. சதீஷ் மகர் தலைமையில் ஏறத்தாழ 120 உழவர் குடும்பங்கள், நானூறு ஏக்கருக்கு மேற்பட்ட தம் நிலத்தைக் கட்டுநர்க்கு விற்காமல், தாமே நிறுவனம் அமைத்து, நிலத்துக்கேற்ற பங்கு பெற்று இந்நகரத்தை எழுப்பின. கண்ணாடிக் கட்டடங்களுக்கு இடையே நடப்போர் பலர் இதை அறியார்.

நண்பரிடம் சொன்னேன்: தேநீரை ஏற்றுக்கொள்ளுங்கள், பதாகையும் கட்டுங்கள், எண்களைக் கொடாதீர், உரையையும் நீக்காதீர். கடிதம் சென்றுவிட்டது, நிறுவனத்தின் மறுமொழி இன்னும் வரவில்லை. அதுவரை அவரவர் ஐம்பது ரூபாய் போட்டுக் கூடுகின்றனர்.