ரிப்பன் படம் பிறந்த கதை

1961-இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழுக்காக மையோகுளோபின் புரதத்தை அணு அணுவாக வரைந்தார் ஓவியர் இர்விங் கைஸ். வெறும் 153 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம்தான்; வரைந்து முடிக்க ஆறு மாதம் பிடித்தது. இன்றும் வியக்க வைக்கும் படம். ஆனால் புதிதாகப் பார்க்கும் மாணவருக்கு அந்த அணுக்கூட்டத்தில் அமினோ அமிலச் சங்கிலி எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பது பிடிபடாது.

அதைப் பிடிபட வைத்தவர் ஜேன் ரிச்சர்ட்சன். தத்துவம் படித்தவர், முனைவர் பட்டம் பெறாதவர், ஆய்வகத் தொழில்நுட்பராகப் புரத ஆராய்ச்சிக்குள் வந்தவர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, புரத அமைப்புகள் பற்றி ஒரு விரிவான கட்டுரை எழுதினார். 1981-இல் அது வெளிவந்தது. அதற்காகச் சுமார் 75 புரதங்களை ஒரே முறையில் கையாலேயே வரைந்தார். சங்கிலி சுருண்டு செல்லும் ஆல்ஃபா ஹெலிக்ஸ் என்றால் சுருண்ட நாடா. நீண்டு செல்லும் பீட்டா இழை என்றால் தட்டையான அம்பு. மற்ற வளைவுகளெல்லாம் கயிறு. இதுதான் ரிப்பன் படம்.

கணினி அச்சிட்டுத் தந்த முதுகெலும்புச் சங்கிலியின் மேல்தான் வரைந்தார். ஆனால் அதை அப்படியே நகலெடுக்கவில்லை. பீட்டா இழையில் கார்பன் அணுக்கள் மேலும் கீழுமாக வளைந்து செல்லும். அவர் நாடாவை அவற்றுக்கு நடுவே வழுக்கிச் செல்லவிட்டார். இது துணிச்சலான முடிவு, சரியான முடிவும்கூட. எதை விடுவது என்று அறிய, எல்லாவற்றையும் பார்த்திருக்க வேண்டும்.

ரிப்பன் படத்தின் உயிர் அம்புதான் என்பேன். சங்கிலி ஓடும் திசையை அது சொல்கிறது. சர்க்கரைச் சிதைவில் பங்கேற்கும் ட்ரையோஸ் பாஸ்பேட் ஐசோமரேஸ் நொதியை ரிச்சர்ட்சன் வரைந்திருக்கிறார். உள்ளே எட்டு அம்புகள் பீப்பாய்போல் வட்டமாக நிற்கின்றன. வெளியே எட்டுச் சுருள்கள் சூழ்கின்றன. அம்பு முனைகள் எட்டும் ஒரே பக்கம் நோக்குகின்றன. வினை நடக்கும் இடமும் அந்தப் பக்கமே! இதே பீப்பாய் வடிவம் கொண்ட மற்ற நொதிகளிலும் அப்படித்தான். அமைப்புக்கும் செயலுக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வகுப்பறைப் படம் எனக்குத் தெரியாது.

1991-இல் வந்த மால்ஸ்கிரிப்ட் போன்ற மென்பொருள்கள் இந்தக் கைவேலையைக் கணினிக்கு மாற்றின. ஆனால் யார் வரைந்தாலும், நாடா வினை நடக்கும் இடத்தை மட்டுமே காட்டும். வினையைச் செய்பவை அதில் வராத, அமினோ அமிலங்களின் பக்கச் சங்கிலிகள். ஆகவே அம்பு முனைகளை மாணவர்கள் கண்டுகொண்டதும், அந்த ஐசோமரேஸ் நொதியின் 95-ஆம் இடத்து ஹிஸ்டிடினையும் 165-ஆம் இடத்துக் குளுட்டமிக் அமிலத்தையும் ஆசிரியர் அங்கே கரும்பலகையில் வரைந்து சேர்க்க வேண்டும்.